கிரேக்க நாடகத்தை மேடைக் கண்ணோடு படிப்பது எப்படி?

கிரேக்கத் துன்பியல் நாடகத்தை முதன்முதலாகக் கையில் எடுப்பவர்கள் பெரும்பாலும் ஒரே இடங்களில்தான் தடுக்கி விழுகிறார்கள். கதை சூடுபிடிக்கும் நேரத்தில் கோரஸ் என்ற பாடி ஆடும் குழு ஏன் பாட்டை எடுத்துக்கொள்கிறது? கொலையும் தற்கொலையும் ஏன் கண்ணில் படாமல் உள்ளே நடக்கின்றன? அதை ஏன் ஒரு வேலைக்காரன் வந்து பக்கம் பக்கமாகச் சொல்கிறான்? ஒரு காட்சியில் நான்காவதாக நிற்பவர் ஏன் வாயே திறப்பதில்லை?

இந்தக் கேள்விகளுக்கு விடை அரங்கத்தில் இருக்கிறது. பேசுவதற்கு மூன்று நடிகர்கள், பாடி ஆட ஒரு கோரஸ், ஒரு குழல் கலைஞர், பின்னால் ஒரு மரக்கட்டடம், தலைக்கு மேல் வெயில். கி.மு. ஐந்தாம் நூற்றாண்டு ஏதென்ஸில் கவிஞனிடம் இருந்தது இவ்வளவுதான். இதை மனத்தில் வைத்துப் படித்தால் விசித்திரமாகத் தெரிந்ததெல்லாம் தேர்ந்த தொழில்நுட்பமாகத் தெரிய ஆரம்பிக்கும்.

சோபோக்ளிஸ் என்ற கவிஞரின் ‘ஈடிபஸ் மன்னன்’ நாடகத்தை உதாரணமாக வைத்துக்கொள்வோம். தன்னை அறியாமலே தந்தையைக் கொன்று தாயை மணந்த தீப்ஸ் மன்னன், அந்த உண்மையைக் கண்டுபிடிக்கும் கதை இது. ஒரு பிரதி, ஒரு பென்சில், மூன்று நிறப் பேனாக்கள், ஒரு வெள்ளைத் தாள் போதும். முதலில் ஒருமுறை கதைக்காகப் படித்துவிடுங்கள். கீழே உள்ளவை இரண்டாவது வாசிப்புக்கு.

1. வரி எண் உள்ள பதிப்பை எடுங்கள்

மூல கிரேக்க வரி எண்கள் ஓரத்தில் அச்சிட்ட மொழிபெயர்ப்பாகப் பார்த்து வாங்குங்கள். இந்த நாடகம் 1530 வரிகள். மொழிபெயர்ப்பு உரைநடையாக இருந்தாலும் ஐந்துக்கோ பத்துக்கோ ஒருமுறை மூல எண் போட்டிருந்தால் சரி. எண் இல்லாத பதிப்பில் இந்தப் பயிற்சியைச் செய்ய முடியாது. ஒரு நடிகருக்கு வேடம் மாற்ற எவ்வளவு நேரம் கிடைத்தது என்பதை வரிகளை எண்ணித்தான் அறிய முடியும்.

அடுத்து, அடைப்புக்குறிக்குள் சாய்வெழுத்தில் இருக்கும் மேடைக் குறிப்புகளைப் பென்சிலால் லேசாக அடித்துவிடுங்கள். ‘கோபத்துடன்’, ‘இடப்பக்கமாக நுழைகிறான்’ போன்றவை எல்லாம் பிற்காலப் பதிப்பாசிரியர்களும் மொழிபெயர்ப்பாளர்களும் சேர்த்தவை. மூலப் பிரதிகளில் அப்படிப்பட்ட குறிப்புகள் அநேகமாக இல்லவே இல்லை. இருக்க வேண்டிய குறிப்பு வசனத்துக்குள்ளேயே இருக்கிறது.

78ஆம் வரியிலிருந்து 87 வரை மெதுவாகப் படித்துப் பாருங்கள். ஈடிபஸின் மைத்துனன் கிரியோன் வந்துகொண்டிருக்கிறான் என்று சைகை காட்டுகிறார்கள் என்கிறார் பூசாரி. அவன் முகத்தில் தெரியும் ஒளி போலவே செய்தியும் நல்லதாக இருக்கட்டும் என்று ஈடிபஸ் வேண்டுகிறான். நல்ல செய்திதான் போலிருக்கிறது, இல்லாவிட்டால் தலையில் காய்கள் நிறைந்த லாரல் மாலை ஏன் என்கிறார் பூசாரி. 87இல்தான் கிரியோன் பேசத் தொடங்குகிறான். நீண்ட பக்கவழியில் நடந்து வர அவனுக்கு இந்த எட்டொன்பது வரிகள் வேண்டும். நடிகர் அணிந்த முகமூடி சிரிக்காது. அதனால் அவன் மகிழ்ச்சியைத் தலைமாலை காட்டுகிறது, அந்த மாலையைப் பார்க்கச் சொல்லிப் பார்வையாளரின் கண்ணை வசனம் திருப்புகிறது. நுழைவு, நடை, ஒப்பனை, மனநிலை நான்கையும் ஒரு சிறு பேச்சுக்குள் முடித்துவிடுகிறார் சோபோக்ளிஸ். இப்படி வசனத்துக்குள் ஒளிந்திருக்கும் ஒவ்வொரு குறிப்பின் கீழும் கோடு போடுங்கள்.

2. களத்தை வரையுங்கள்

தாளில் ஒரு வட்டம். அதுதான் ஆர்க்கெஸ்ட்ரா, கோரஸ் ஆடும் தரை. அளவுக்கு எபிடாரஸ் அரங்கை நினைத்துக்கொள்ளலாம்: கி.மு. நான்காம் நூற்றாண்டில் கட்டிய அந்த அரங்கின் ஆர்க்கெஸ்ட்ரா ஏறத்தாழ 20 மீட்டர் விட்டம், அதைச் சுற்றி 55 வரிசை இருக்கைகள். மேல் வரிசையில் உட்கார்ந்தவருக்கும் நடிகருக்கும் இடையே ஏறத்தாழ 60 மீட்டர் இருக்கும். புருவத்தை உயர்த்தி நடிப்பதற்கு அங்கே அர்த்தமே இல்லை.

சோபோக்ளிஸ் தம் நாடகங்களை அரங்கேற்றிய ஏதென்ஸின் டயோனிசஸ் அரங்கு அக்ரோபோலிஸ் குன்றின் தெற்குச் சரிவில் இருக்கிறது. அங்கே இன்று காணும் கல் இருக்கைகளை அவர் பார்த்ததில்லை. அவர் காலத்தில் பெரும்பாலும் மரப்பலகைகள்தான். கல் இருக்கைகள் கி.மு. நான்காம் நூற்றாண்டில் வந்தன, முன்னால் இருக்கும் சிற்ப மேடை ரோமானியர் காலத்தது. ஐந்தாம் நூற்றாண்டு ஆர்க்கெஸ்ட்ரா முழு வட்டமாக இருந்ததா, நீள்சதுரம் போல் இருந்ததா என்பதிலும் அறிஞர்கள் ஒத்துப்போவதில்லை. நம் பயிற்சிக்கு வட்டம் போதும்.

வட்டத்துக்குப் பின்னால் ஒரு நீளமான செவ்வகம் போடுங்கள். அது ஸ்கேனே என்ற மரக்கட்டடம். நடிகர்கள் வேடம் மாற்றும் அறையும் அதுதான், கதையில் வரும் அரண்மனையும் அதுதான். நடுவில் ஒரு பெரிய கதவு. கூரையில் ஆள் நிற்கலாம். கி.மு. 458இல் எஸ்கிலஸ் என்ற துன்பியல் கவிஞரின் ‘அகமெம்னோன்’ கூரைமேல் படுத்திருக்கும் காவலனின் பேச்சோடுதான் தொடங்குகிறது. உயர்ந்த மேடையை மட்டும் வரையாதீர்கள். ஆளுயர மேடை பிற்காலத்தது. ஐந்தாம் நூற்றாண்டில் மேடை இருந்திருந்தாலும் சில படி உயரம்தான் இருந்திருக்கும். நடிகரும் கோரஸும் எளிதாகப் பக்கத்தில் பக்கத்தில் புழங்குகிறார்கள். திரைச்சீலையும் கிடையாது.

இடமும் வலமுமாக இரண்டு பாதைகள் வரைந்து, எந்தப் பாதை எங்கே போகிறது என்று எழுதுங்கள். ஈடிபஸில் ஒன்று தீப்ஸ் நகருக்குள் போகிறது. மற்றொன்று ஊருக்கு வெளியே, தெய்வவாக்குத் தலமான டெல்ஃபி, கொரிந்து நகர், மேய்ச்சல் மலை ஆகியவற்றுக்கு. குருட்டு ஞானி டைரேசியஸ் நகரப் பாதையில் வருகிறார். டெல்ஃபியிலிருந்து திரும்பும் கிரியோனும் கொரிந்துத் தூதனும் கிழட்டு இடையனும் வெளிப்பாதையில். ஒவ்வொரு நுழைவுக்கும் ஓர் அம்புக்குறி போட்டு வரி எண்ணை எழுதுங்கள். முடித்துவிட்டுப் பார்த்தால், உண்மை ஒவ்வொன்றாக அந்த ஒரே வெளிப்பாதையில் வந்து சேர்வதும், ஈடிபஸ் அரண்மனைக் கதவுக்கும் அந்தப் பாதைக்கும் நடுவே நின்று மாட்டிக்கொள்வதும் வரைபடத்தில் தெரியும். கண்ணால் பார்த்த ஏதெனியனுக்கு இதை யாரும் விளக்கத் தேவைப்படவில்லை.

3. பாட்டை வைத்து நாடகத்தைப் பிரியுங்கள்

அங்கம், காட்சி என்ற பிரிவுகள் இதில் இல்லை. கோரஸின் பாட்டுதான் எல்லைக்கல். ஈடிபஸில் 1 முதல் 150 வரை முன்னுரைக் காட்சி. 151 முதல் 215 வரை கோரஸ் பாடிக்கொண்டே உள்ளே வருகிறது. அதன்பின் நான்கு காட்சிகள், ஒவ்வொன்றின் முடிவிலும் ஒரு பாட்டு. பாட்டுகள் 463, 863, 1086, 1186 ஆகிய வரிகளில் ஆரம்பிக்கின்றன. 1223 முதல் கடைசிப் பகுதி. பாட்டுகளை ஒரு நிறத்தால் குறியுங்கள்.

பாட்டுக்குச் சற்று முன் யாராவது வெளியேறுவார்கள், பாட்டு முடிந்ததும் யாராவது நுழைவார்கள். இந்த ஒழுங்கு மீறப்படும் இடங்களைத் தனியாகக் குறித்து வையுங்கள். அங்கே கவிஞன் ஏதோ செய்கிறான்.

4. வேடங்களை மூவருக்குப் பங்கிடுங்கள்

வழிகாட்டியின் இதயமே இதுதான். முதலில் ஒரு நடிகர்தான் இருந்தார் என்றும், இரண்டாமவரை எஸ்கிலஸும் மூன்றாமவரை சோபோக்ளிஸும் சேர்த்தார்கள் என்றும் அரிஸ்டாட்டில் எழுதியிருக்கிறார். பேசும் வேடம் எத்தனை இருந்தாலும் அந்த மூன்று ஆண்கள்தான் முகமூடி மாற்றி மாற்றி நடித்தார்கள். பெண் வேடமும் அவர்களுக்கே. வீரர்கள், பணியாட்கள், குழந்தைகள் என்று பேசாத ஆட்கள் எத்தனை பேரும் வரலாம்.

ஒரு கட்டம் போடுங்கள். மேலே ஆறு பத்திகள்: முன்னுரைக் காட்சி, நான்கு காட்சிகள், கடைசிப் பகுதி. இடப்பக்கம் எட்டுப் பெயர்கள்: ஈடிபஸ், பூசாரி, கிரியோன், டைரேசியஸ், யொகாஸ்டா (அரசி, ஈடிபஸின் மனைவியும் தாயும்), கொரிந்துத் தூதன், இடையன், அரண்மனைச் செய்தியாளன். யார் எங்கே பேசுகிறாரோ அங்கே புள்ளி வையுங்கள். ஒரே நேரத்தில் களத்தில் நிற்கும் இருவரை ஒரே நடிகர் ஏற்க முடியாது. விதி அவ்வளவுதான்.

ஈடிபஸுக்கு ஆறு பத்தியிலும் புள்ளி விழும். ஆகவே முதல் நடிகருக்கு அந்த ஒரு வேடம்தான். முன்னுரைக் காட்சியில் பூசாரியும் கிரியோனும் சேர்ந்து நிற்கிறார்கள், இருவருக்கும் வேறு வேறு நடிகர். இரண்டாம் காட்சியில் கிரியோனும் யொகாஸ்டாவும் சேர்ந்து நிற்கிறார்கள். அப்படியானால் கிரியோன் மூன்றாம் நடிகர், யொகாஸ்டா இரண்டாம் நடிகர். மூன்றாம் காட்சியில் யொகாஸ்டாவுக்கு எதிரே கொரிந்துத் தூதன் நிற்பதால் அவன் மூன்றாம் நடிகரிடம் போகிறான். அவன் களத்தை விட்டுப் போகாமல் நான்காம் காட்சியிலும் நின்று இடையனோடு பேசுகிறான். ஆக, இடையனாக வருவதற்கு மிஞ்சி இருப்பவர் யொகாஸ்டாவாக நடித்தவர் மட்டுமே. டைரேசியஸையும் அரண்மனைச் செய்தியாளனையும் இந்த இருவரில் யாருக்கு வேண்டுமானாலும் தரலாம்.

இப்போது வரிகளை எண்ணுங்கள். உண்மை புரிந்துபோன யொகாஸ்டா 1072இல் கடைசிச் சொல்லைச் சொல்லிவிட்டு அரண்மனைக்குள் ஓடுகிறாள். 1110இல் இடையன் தூரத்தில் வருவது தெரிகிறது, 1123இல் அவன் பேசுகிறான். இடையில் கோரஸ் பாடுவது 24 வரிதான், நான்கு பாட்டுகளில் இதுவே குட்டி. அரசியாகக் கதவுக்குள் போன நடிகர் முகமூடியையும் உடையையும் மாற்றி, கட்டடத்தின் பின்பக்கமாகச் சுற்றி, வெளிப்பாதையின் முனைக்குப் போய், கிழவன் நடையில் உள்ளே வர வேண்டும். முடியுமா? முடியும், ஆனால் நெருக்கடிதான். ஈடிபஸ் ‘அவன்தான் என்று நினைக்கிறேன்’ என்று இழுத்துப் பேசுவதும், தூதனிடம் கேட்டு உறுதி செய்துகொள்வதும் இந்த நேரத்தைத்தான் வாங்கித் தருகின்றன.

இதில் கிடைத்த பலனைப் பாருங்கள். 1173இல் ஈடிபஸ் கேட்கிறான், கைவிடப்பட்ட குழந்தையை உன்னிடம் கொடுத்தது யொகாஸ்டாவா என்று. ஆம் என்கிறான் இடையன். தாயின் குற்றத்தை ஒப்புக்கொள்ளும் குரல், சற்று முன்பு தாயாகப் பேசிய அதே குரல். ஏதென்ஸ் பார்வையாளர்கள் நடிகர்களின் குரலை நன்றாக அறிந்தவர்கள். கி.மு. 449 வாக்கிலிருந்து சிறந்த துன்பியல் நடிகருக்குத் தனிப் பரிசே இருந்தது. இந்த ஒற்றுமை அவர்கள் காதில் விழாமல் போயிருக்காது என்றே நினைக்கிறேன்.

கட்டம் போடும்போது வழக்கமாக நேரும் பிழை, களத்தில் பேசாமல் நிற்பவரைக் கணக்கில் விட்டுவிடுவது. இடையன் வரும்வரை கொரிந்துத் தூதன் வாய்மூடி நிற்கிறான், ஆனாலும் நடிகர் அங்கேதான் இருக்கிறார். இன்னொரு பிழை எதிர்த்திசையில் நேர்கிறது: பேசாதவரை உடனே துணையாள் என்று தீர்மானித்துவிடுவது. ‘அகமெம்னோன்’ நாடகத்தில் கசாண்ட்ரா தேரில் வந்து, ராணி கிளைடம்னெஸ்ட்ரா கூப்பிடக் கூப்பிடப் பதில் சொல்லாமல் இருக்கிறாள். பேசாத வேடம் என்று எல்லோரும் முடிவுகட்டியபின் அலறிப் பாடத் தொடங்குகிறாள். மூன்றாம் நடிகரை எஸ்கிலஸ் அவ்வளவு நேரம் பதுக்கி வைத்திருந்தார்.

5. முகமூடியை நினைவில் வைத்துப் படியுங்கள்

முகமூடி தலை முழுவதையும் மூடும், தலைமுடியும் அதிலேயே சேர்ந்தது. துணியைப் பசையிட்டு விறைப்பாக்கிச் செய்ததால் அசல் ஒன்றுகூட எஞ்சவில்லை. ஜாடி ஓவியங்களைத்தான் நம்ப வேண்டும். நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்தில் உள்ள ப்ரோனோமோஸ் ஜாடியில், கி.மு. 400ஐ ஒட்டிய ஓவியம், நடிகர்கள் முகமூடியைக் கையில் பிடித்து நிற்பதைத் தெளிவாகப் பார்க்கலாம். வாய் சிறிதளவே திறந்திருக்கிறது. அகலமாகப் பிளந்த வாயும் மிக உயரமான அடிக்கட்டைச் செருப்பும் பல நூற்றாண்டு பிந்தையவை. பாடப்புத்தகப் படங்கள் இரண்டையும் கலந்து குழப்பிவிடுகின்றன. ஐந்தாம் நூற்றாண்டுக் காலணி மென்மையான தோல் பூட்ஸ்.

அழுகை, வெட்கம், முகம் வெளிறுதல் எதுவும் முகமூடியில் தெரியாது. அதனால்தான் ஒருவரின் முகம் எப்படி இருக்கிறது என்று அடுத்தவர் சொல்லிக்கொண்டே இருக்கிறார். அந்த வரிகளைப் படித்து வசனம் நீளமாக இருக்கிறதே என்று அலுத்துக்கொள்ள வேண்டாம், அவை விளக்கு வெளிச்சத்தின் வேலையைச் செய்கின்றன.

முகமூடி மாறும் இடம் நாடகத்தில் எப்போதும் பெரிய இடம். ஈடிபஸ் 1185இல் உள்ளே போகிறான், 1297இல் கண்களைக் குத்திக்கொண்டு வெளியே வருகிறான். நடுவில் 111 வரிகள்: ஒரு பாட்டு, பின் அரண்மனைச் செய்தியாளனின் நீண்ட பேச்சு. உள்ளே நடிகர் இரத்தம் வழியும் புது முகமூடி மாட்டிக்கொள்ளும் அந்த நேரத்தில், உடை ஊசிகளால் கண்ணைக் குத்திய கதை வெளியே சொல்லப்படுகிறது. காது முதலில் பார்த்துவிட்டதைக் கண் பிறகு பார்க்கிறது. செய்தியாளன் பேச்சைச் சலிப்போடு தாண்டிப் போகிறவர்கள் இழப்பது இதைத்தான்.

6. எது பேச்சு, எது பாட்டு?

வசனப் பகுதி பேச்சுநடைக்கு நெருக்கமான ஒரு யாப்பில், வாத்தியம் இல்லாமல் பேசப்பட்டது. கோரஸின் பாட்டுக்கு அவுலோஸ் துணை. மொழிபெயர்ப்புகளில் இதைப் புல்லாங்குழல் என்று போட்டிருப்பார்கள், அது தவறு. நாதஸ்வரம் போலச் சீவாளி வைத்து ஊதும் குழல்கள் இரண்டு, ஒருவரே ஒரே நேரத்தில் ஊதுவார். ஒலி கூர்மையாகத் திறந்தவெளி முழுவதும் பரவும்.

துன்பியல் கோரஸ் முதலில் 12 பேர். அதை 15 ஆக்கியவர் சோபோக்ளிஸ் என்று சொல்வார்கள். இன்பியலுக்கு 24 பேர். பாட்டில் பத்திகள் ஜோடி ஜோடியாக வரும். இரண்டுக்கும் யாப்பு அச்சு அசலாக ஒன்று, ஆகவே மெட்டும் ஒன்றாகவே இருந்திருக்கும், ஆட்ட அசைவும் ஒத்திருந்திருக்கலாம். ஜோடிகளை ஓரத்தில் அடைப்பு போட்டு இணையுங்கள். முதல் பத்தியில் நம்பிக்கை, அதே மெட்டில் இரண்டாவதில் பயம் என்று வரும் இடங்கள் பளிச்சென்று தெரியும். காட்சிக்கு நடுவே ‘கோரஸ்’ என்ற பெயரில் வரும் ஓரிரண்டு வரிகளைக் கூட்டமாகச் சொல்வதாக நினைக்காதீர்கள், அவை கோரஸ் தலைவர் தனியாகப் பேசுபவை. தலைவரும் நடிகரும் மாறி மாறிப் பாடும் புலம்பல்களை வேறு நிறத்தில் குறியுங்கள். குருடான ஈடிபஸ் 1313இல் பேச்சை விட்டுப் பாட்டுக்குத் தாவுகிறான். வலி பேச்சுக்குள் அடங்காத இடம் அது.

கேட்டவர்களின் காது எவ்வளவு கூர்மை என்பதற்கு ஹெகெலோகஸ் என்ற நடிகரின் கதி சாட்சி. கி.மு. 408இல் யூரிப்பிடிஸ் என்ற துன்பியல் கவிஞரின் ‘ஓரெஸ்டிஸ்’ நாடகத்தில், ‘அலைகளுக்குப் பின் மீண்டும் அமைதியைக் காண்கிறேன்’ என்ற வரியில் மூச்சும் சுரமும் பிசகி, அமைதிக்குப் பதில் கீரி மாதிரியான ஒரு சிறு பிராணியைக் காண்பதாகக் கேட்டுவிட்டது. இன்பியல் கவிஞர்கள் அவரைப் பல வருடம் விடவில்லை. மூன்று ஆண்டு கழித்து இன்பியல் கவிஞர் அரிஸ்டோஃபனிஸ் ‘தவளைகள்’ நாடகத்திலும் அதை இழுத்தார்.

7. இயந்திரம் வரும் இடங்கள்

இரண்டுதான். ஒன்று கதவு வழியாக வெளியே உருட்டித் தள்ளும் பலகை மேடை, எக்கிக்ளேமா. உள்ளே நடந்த கொலையின் விளைவை, உடல்களோடு, வெளிச்சத்துக்குக் கொண்டுவர இது உதவியது. மற்றது மெக்கானே என்ற பாரந்தூக்கி. தெய்வங்களும் பறப்பவர்களும் இதில் வருவார்கள். கி.மு. 431இல் யூரிப்பிடிஸின் மெடியா, கொன்ற பிள்ளைகளோடு சூரியதேவன் தந்த தேரில் கட்டடத்துக்கு மேலே தோன்றுகிறாள். கீழே கதவை உடைக்கச் சொல்லி அவள் கணவன் ஜேசன் கத்திக்கொண்டிருக்கிறான். எல்லோர் கண்ணும் கதவில் இருக்கும்போது காட்சி உயரத்தில் திறக்கிறது. இந்தப் பாரந்தூக்கி ஆடியதும் அசைந்ததும் உண்டுதான்: கி.மு. 421இல் அரிஸ்டோஃபனிஸின் ‘அமைதி’ நாடகத்தில் வண்டின் மேலேறிப் பறக்கும் நாயகன், பாரந்தூக்கியை இயக்குபவரைப் பார்த்துக் கவனமாகப் பிடி என்று கெஞ்சுகிறான்.

வன்செயலை மேடையில் காட்டக்கூடாது என்று சட்டம் எதுவும் இருந்ததாகக் கொள்ள வேண்டாம். சோபோக்ளிஸின் அயாக்ஸ் வாள்மேல் விழுவது பார்வையாளர் முன்னால் நடந்ததாகவே பலர் கருதுகிறார்கள். மூன்றே நடிகர்கள், முகமூடி, பட்டப்பகல். இந்த நிலையில் கதவுக்கு அப்பால் எழும் ஓலம் அதிக பலன் தந்தது.

8. ஒரே நாள், ஒரே மூச்சு

வசந்தத் தொடக்கத்தில் நடந்த பெரிய டயோனிசியா விழாவில் மூன்று துன்பியல் கவிஞர்கள் போட்டியிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு நாள், அதில் மூன்று துன்பியலும், சாட்டிர் நாடகம் என்ற கேலி நாடகம் ஒன்றும். கோரஸின் செலவைப் பணக்காரக் குடிமகன் ஒருவர் ஏற்பார். அப்படி ஒருவர் துன்பியல் கோரஸுக்கு 3000 டிராக்மா செலவழித்ததாக லிசியஸ் எழுதிய நீதிமன்றப் பேச்சொன்று சொல்கிறது. அந்தக் காலத்தில் ஒரு கைவினைஞரின் நாள் கூலி சுமார் ஒரு டிராக்மா. ஒரே நாளில் நான்கு நாடகங்களைத் தொடர்ந்து பார்த்தவர்களுக்காக எழுதப்பட்டது இது. எனவே நாடகத்தைத் தவணை முறையில் படிக்காதீர்கள். உட்கார்ந்தால் முடித்துவிட்டு எழுந்திருங்கள், முடிந்தால் பகலில், உரக்க. இரண்டு மணி நேரம் ஒதுக்கினால் போதும்.

ஈடிபஸை முடித்ததும் ‘அகமெம்னோன்’, பிறகு ‘மெடியா’ என்று இதே கட்டத்தைப் போட்டுப் பழகுங்கள். ‘மெடியா’வுக்கு இரண்டே நடிகர்கள் போதும் என்பதைக் கட்டமே காட்டிக்கொடுக்கும். கை பழகியபின் சோபோக்ளிஸ் இறந்தபின் கி.மு. 401இல் அரங்கேறிய ‘கொலோனஸில் ஈடிபஸ்’ நாடகத்தை எடுங்கள். அதில் மூவருக்குள் பங்கிட்டால் ஏதென்ஸ் மன்னன் தீசியஸின் வேடத்தை ஒருவருக்கு மேற்பட்டவர்கள் பகிர வேண்டிவரும், இல்லாவிட்டால் நான்காவது நடிகரைக் கேட்க வேண்டும். ஈடிபஸின் மகள் இஸ்மினி 1099க்குப் பிறகு நெடுநேரம் களத்தில் நின்றும் ஏன் ஒரு வார்த்தை பேசவில்லை என்பதிலிருந்து அந்தக் கணக்கை ஆரம்பியுங்கள்.